கடல் நுண்பாசி: உருவம் மாறினால் சிற்றினம் மாறியதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் முறை

உவரிக் கரையிலோ புன்னைக்காயல் கழிமுகத்திலோ ஒரு வாளித் தண்ணீர் அள்ளி நுண்ணோக்கியில் வைத்தால், ஒரே பாசி நீளமாக, குட்டையாக, உருண்டையாக, கொம்போடு, கொம்பில்லாமல் எனப் பல விதமாகக் கிடக்கும். படத்தொகுப்பைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு உருவத்துக்கு ஒரு பெயர் எழுதிக்கொண்டே போனால் பட்டியல் நன்றாக நீளும். கடலில் இல்லாத சிற்றினமெல்லாம் அதில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சந்தேகப்பட ஒரு வரிசை உண்டு. முதலில் செல் படுத்திருக்கும் கோணம். அடுத்து, மாதிரி கெடாமலிருக்கச் சீசாவில் ஊற்றிய மருந்து. அடுத்து தண்ணீரின் உப்பு. அதன்பின் செல்லின் வயதும் வாழ்க்கைச் சுழற்சியும். இவை நான்கையும் கழித்த பிறகும் வித்தியாசம் நின்றால்தான் அது வேறு சிற்றினம் என்ற பேச்சு. கீழே உள்ள அறிகுறிகள் இவற்றைத் தொட்டே போகின்றன, வரிசை மட்டும் சில இடத்தில் முன்பின்னாக இருக்கும்.

தொடங்குமுன் ஒன்று. கண்ணருகு லென்ஸில் உள்ள அளவுகோலை ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் வைத்து ஒவ்வொரு பொருளருகு லென்ஸுக்கும் தனித்தனியாக அளவிட்டு, அட்டையில் எழுதி நுண்ணோக்கியிலேயே ஒட்டிவிடுங்கள். ஸ்டேஜ் மைக்ரோமீட்டரில் 1 மி.மீ. 100 பிரிவு, ஒரு பிரிவு 10 மைக்ரான். அதில் 10 பிரிவு, கண்ணருகு அளவுகோலின் 40 பிரிவோடு பொருந்தினால் உங்கள் ஒரு பிரிவு 2.5 மைக்ரான். கைபேசியில் எடுத்துப் பெரிதாக்கிய படத்தில் அளவுக்கோடு இல்லையென்றால் அது அடையாளம் காண உதவாது, அழகுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: ஒரே மாதிரியில் வட்டமும் செவ்வகமும் கலந்து தெரிகிறது

பெரும்பாலும் இரண்டும் ஒன்றே. டயட்டம் என்பது மேல்மூடி, கீழ்மூடி, இடையில் வளையம் என அமைந்த சிலிக்கா ஓட்டுக்குள் வாழும் ஒற்றைச்செல் பாசி. மூடி மேலே பார்த்துக் கிடந்தால் காஸினோடிஸ்கஸ் என்னும் டயட்டம் வட்டம். பக்கவாட்டில் கிடந்தால் அதே செல் செவ்வகம். கீட்டோசெராஸ், ஓடோண்டெல்லா போன்ற டயட்டங்கள் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் கிடக்கும். படத்தொகுப்பிலும் அந்தக் கோணமே இருக்கும். டெட்ராசெல்மிஸ் என்னும் நீந்தும் பச்சைப் பாசி தட்டையான செல். அகலப் பக்கம் முட்டை மாதிரி, ஒல்லிப் பக்கம் நீள்வட்டம்.

கவர்ஸ்லிப்பின் ஓரத்தை ஊசி முனையால் லேசாகத் தட்டினால் செல் உருளும். உருளும்போதே கண்ணை எடுக்காமல் பாருங்கள். வட்டம் செவ்வகமாக மாறினால் விஷயம் முடிந்தது. தண்ணீர் மிகக் குறைவாக இருந்தால் உருளாது, ஓரத்தில் ஒரு சொட்டு கடல்நீர் விடுங்கள். இங்கே நல்ல தண்ணீரை விட்டால் அடுத்தடுத்த அறிகுறிகளை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள்.

அறிகுறி: கரையில் பார்த்தபோது நீந்தியது; ஆய்வகத்துக்கு வந்த சீசாவில் எல்லாமே உருண்டை

மருந்தின் வேலை. டுனாலியெல்லா என்னும் பச்சைப் பாசிக்கு உறுதியான செல் சுவர் இல்லை. ஐசோகிரைசிஸ் என்னும் பழுப்பு நுண்பாசி, டைனோஃபிளாஜெல்லேட்டுகள் என்னும் நீந்தும் ஒற்றைச்செல் உயிர்களில் கவசமில்லாதவை ஆகியவையும் மென்மையானவை. ஃபார்மலின் பட்டதும், நீந்த உதவும் கசையிழை உதிரும், செல் உருண்டையாகும், சில வெடித்தே போகும். டயட்டத்துக்குச் சிலிக்கா ஓடு இருப்பதால் அது தாங்கும். ஆகவே ஃபார்மலின் சீசாவை மட்டும் பார்ப்பவருக்கு நம் கடலில் டயட்டத்தைத் தவிர வேறொன்றுமே இல்லாத மாதிரித் தோன்றும். 20 மைக்ரான் கண்ணி வலையை மட்டும் இழுப்பவருக்கும் இதே நிலைதான். சின்னச் செல்லெல்லாம் கண்ணி வழியே போய்விடும். வாளித் தண்ணீரில் ஒரு லிட்டர் தனியாக எடுத்துப் படியவிட்டுப் பாருங்கள்.

ஒரு மாதிரியை மூன்றாகப் பிரிப்பதே சரி:

ஒன்று, உயிரோடு. சீசாவை முக்கால் மட்டும் நிரப்பி, ஈரத்துணி சுற்றி, நிழலில் கொண்டுவாருங்கள். ஐஸ் பெட்டியில் போடாதீர்கள். வெப்பக் கடல் செல்கள் திடீர்க் குளிரில் கசையிழையை உதிர்க்கும். வந்திறங்கியதும் முதல் வேலை இதைப் பார்ப்பதுதான். கசையிழை இரண்டா நான்கா, எந்தப் பக்கம் முளைக்கிறது, நீச்சல் நேராகவா சுழன்றா, பசுங்கணிகம் எத்தனை என எழுதுங்கள், சிறு வீடியோவும் எடுங்கள். இந்தத் தகவல் நாளைக்குக் கிடைக்காது.

இரண்டு, லூகால் என்னும் அயோடின் கரைசல். 20 கிராம் பொட்டாசியம் அயோடைடை 200 மி.லி. வாலைவடிநீரில் கரைத்து, அதில் 10 கிராம் அயோடின் போட்டு முழுக்கக் கரைந்த பின் 20 மி.லி. கிளேஷியல் அசெட்டிக் அமிலம் சேர்க்க வேண்டும். முதலில் அயோடினைப் போட்டால் கரையவே கரையாது. 100 மி.லி. மாதிரிக்கு அரை முதல் ஒரு மி.லி.; தண்ணீர் இளங் கட்டஞ்சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறத்துக்கு வந்தால் போதும். பழுப்பு சீசாவில் இருட்டில் வையுங்கள், நிறம் வெளுத்தால் இன்னும் சில சொட்டு. ஒரு விதிவிலக்கு: சுண்ணாம்புத் தகடு போர்த்திய காக்கோலித்தோஃபோர்களை இந்த அமிலம் கரைத்துவிடும். அவற்றுக்கு அமிலமில்லாத லூகால் அல்லது ஹெக்சமின் போட்டு நடுநிலையாக்கிய ஃபார்மலின்.

மூன்று, டயட்டத்துக்காக ஃபார்மலின். கடையில் வாங்கும் ஃபார்மலின் 10 மி.லி., மாதிரி 90 மி.லி.; ஃபார்மால்டிஹைடு ஏறக்குறைய 4 சதவீதம் வரும்.

லூகால் சீசாவில் இன்னொரு லாபமும் உண்டு. உருண்டையாகிவிட்ட செல்லாக இருந்தாலும் உள்ளே ஸ்டார்ச் இருந்தால் அயோடின் கருநீலமாக, கருப்பாகக் காட்டும். டெட்ராசெல்மிஸ், டுனாலியெல்லா, குளோரெல்லா எல்லாம் கறுக்கும். டயட்டம், ஐசோகிரைசிஸ், நானோக்ளோராப்சிஸ் ஆகியவற்றில் ஸ்டார்ச் இல்லை, பழுப்போடு நின்றுவிடும். உருவம் போனாலும் இது போகாது.

அறிகுறி: நீளம் இரண்டு மூன்று மடங்கு வேறுபடுகிறது, மற்றதெல்லாம் ஒன்றுபோல் இருக்கிறது

அதிகம் பேர் இடறும் இடம் இது. டயட்டம் பிரியும்போது ஒவ்வொரு மகள் செல்லும் தாயின் ஒரு மூடியை எடுத்துக்கொண்டு, அதற்குள் அடங்கும்படி புதிய மூடி ஒன்றைக் கட்டுகிறது. தாயின் கீழ்மூடியை எடுத்துக்கொண்ட மகள் கொஞ்சம் சிறியதாகிறது. தலைமுறை போகப் போகக் கூட்டத்தின் சராசரி அளவு இறங்கும். மெக்டொனால்டும் ஃபிட்ஸரும் 1869இல் சொன்ன விதி இது. ஒரு கட்டத்துக்குக் கீழே போன பிறகு பாலினப்பெருக்கம் நடந்து, அதில் பிறக்கும் ஆக்ஸோஸ்போர் என்னும் செல் ஊதிப் பெருத்து, பழைய பெரிய அளவு திரும்புகிறது. ஆகவே ஒரே சிற்றினத்தில் தாத்தா அளவும் பேரன் அளவும் ஒரே சொட்டில் இருப்பது இயல்பு.

நீள டயட்டங்களில் நீளம் குறையும் வேகத்துக்கு அகலம் குறையாது. ஈட்டி போல் இருந்தது போகப் போக நீள்வட்டமாகும். முனையில் இருந்த கழுத்தும் குமிழும் மழுங்கும். வெளிக்கோட்டை மட்டும் பார்த்தால் நவிகுலா என்னும் நீள டயட்டத்தில் மூன்று சிற்றினம் என்று எழுதத் தோன்றும். வட்ட டயட்டங்களில் விட்டம் குறையக் குறைய உயரம் கூடும். தட்டு மாதிரி இருந்தது டப்பா மாதிரி ஆகும்.

மாறாமல் நிற்பது ஓட்டின் வரிகள்தான். 10 மைக்ரானுக்கு எத்தனை வரி என்பது அளவு குறைந்தாலும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆகவே குறைந்தது 30 ஓடுகளையாவது அளந்து நீளம், அகலம், 10 மைக்ரானுக்கு வரி எண்ணிக்கை மூன்றையும் எழுதுங்கள். நீளத்தைக் கிடையிலும் அகலத்தைச் செங்குத்திலும் வைத்துப் புள்ளியிடுங்கள். ஒரு உதாரணம்: ஒன்று 60க்கு 10 மைக்ரான், இன்னொன்று 24க்கு 8 மைக்ரான், இரண்டிலும் வரி 12. இடையில் 35, 42, 50 என்று ஆட்கள் இருந்து புள்ளிகள் ஒரே கோட்டில் ஓடினால் அது ஒரே சிற்றினத்தின் அளவிறக்கம். புள்ளிகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து, ஒரு கூட்டத்தில் வரி 12, மற்றதில் 18 என்றால் இரண்டு சிற்றினம் இருக்கிறது. கூட்டம் பிரிந்தும் வரி ஒன்றாகவே இருந்தால், ஆக்ஸோஸ்போரிலிருந்து புதிதாக வந்த பெரிய தலைமுறையும் பழைய சிறிய தலைமுறையும் சேர்ந்திருக்கின்றன. அப்போது பெரிய செல்களில் சில, வீங்கிக் கோணலாக இருக்கும். அவை முதல் செல்கள், அவற்றை அளவுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வரி எண்ண வேண்டுமானால் ஓட்டைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். உயிரோடு உள்ள செல்லில் வரி தெரியவில்லை என்று புருவம் சுளிப்பதில் அர்த்தமில்லை. தண்ணீரின் ஒளிவிலகலும் சிலிக்காவின் ஒளிவிலகலும் அவ்வளவு நெருக்கம்.

சுத்தம் செய்யும் முறை: உவரி, கூட்டப்புளிப் பக்கத்துக் கரைமணல் மாதிரியாக இருந்தால் முதலில் அந்தச் சிவப்புக் கார்னட் மணலைக் கழிக்க வேண்டும். நன்றாகக் குலுக்கி, பத்து இருபது விநாடி விட்டு, மேல்தண்ணீரை வேறு குவளைக்கு மாற்றினால் கனமான மணல் அடியில் நின்றுவிடும். அடுத்து உப்பு. வாலைவடிநீர் ஊற்றி, ஒரு இரவு படியவிட்டு, மேலாக வடித்து, மூன்று நான்கு முறை. வடித்த நீரில் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பாருங்கள். வெண்மை விழுந்தால் உப்பு இன்னும் இருக்கிறது. பிறகு 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் சொட்டுச் சொட்டாக, சிப்பித் தூள் நுரைப்பது நிற்கும் வரை. ஃபார்மலின் மாதிரியாக இருந்தால் அது முழுக்கக் கழுவிப் போகாமல் இந்த அமிலத்தைத் தொடவே கூடாது. இரண்டின் ஆவியும் கலந்தால் புற்றுநோய் உண்டாக்கும் சேர்மம் பிறக்கும். மறுபடி கழுவி, 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை மாதிரியைப் போல மூன்று மடங்கு ஊற்றி, 80 முதல் 90 டிகிரி நீர்த்தொட்டியில் ஒன்றிரண்டு மணி நேரம். பொங்கி வழியும், பெரிய குவளையும் புகைப்பெட்டியும் கட்டாயம். கடைசியாக நாலு கழுவல். கவர்ஸ்லிப்பில் ஒரு சொட்டு விட்டு, அசைக்காமல், மின்விசிறிக்குக் கீழே வைக்காமல் காயவிட்டு, நாஃப்ராக்ஸ் என்னும் பிசினில் பதியுங்கள். அதன் ஒளிவிலகல் எண் 1.73ஐ ஒட்டியது, கனடா பால்சம் என்னும் பிசினில் மங்கலாகத் தெரிந்த வரி இதில் பளிச்சென்று வரும். பார்ப்பது 100 மடங்கு எண்ணெய் லென்ஸில்.

அறிகுறி: ஒரே குடுவையில் கதிர் வடிவம் (நடு பருத்து இரு முனையும் கூர்த்தது), முட்டை வடிவம், மூன்று கை வடிவம்

ஃபியோடாக்டைலம் ட்ரைகார்னூட்டம் என்னும் டயட்டம். 1897இல் போலின் என்பவர் பெயர் வைத்தபோது பார்த்தது மூன்று கை உருவத்தை. கதிர் உருவத்தை நெடுங்காலம் நிட்ஷியா குளோஸ்டீரியத்தின் குட்டி வகை என்று நம்பி வளர்த்தார்கள். மூன்றும் ஒரே செல்லின் வாரிசாக வரும், ஒன்று இன்னொன்றாக மாறும்.

இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொரு டயட்டம் சிலிண்ட்ரோதீகா குளோஸ்டீரியம். அதற்குப் பசுங்கணிகம் இரண்டு, முனைகள் நீண்ட மெல்லிய வால்கள், ஸ்லைடில் சறுக்கி ஓடிக்கொண்டே இருக்கும். ஃபியோடாக்டைலத்துக்குப் பசுங்கணிகம் ஒன்று; கதிர் உருவம் 25 முதல் 35 மைக்ரான், முட்டை உருவம் 8 மைக்ரான் சுமார்.

மேலே சொன்ன பெராக்சைடு முறையை இதற்குச் செய்தவர்கள் குழம்பிப் போவதுண்டு: குடுவை நிறையக் கதிர் உருவம் இருந்தது, ஸ்லைடில் ஒன்றுமில்லை. கதிருக்கும் மூன்று கைக்கும் சிலிக்கா ஓடு கிடையாது. முட்டை உருவத்துக்கு மட்டும் ஒரு பக்கத்தில் ஓடு உண்டு. மற்றதெல்லாம் பெராக்சைடில் கரைந்து போய்விடும். ஓடு கிடைக்காததே இங்கே ஒரு அடையாளம்.

கலப்பா ஒரே சிற்றினமா என்று தீர்க்க ஒற்றைச் செல் சோதனை. பாஸ்டர் பிப்பெட்டை விளக்குச் சுடரில் இழுத்து மெல்லிய முனை ஆக்குங்கள். தலைகீழ் நுண்ணோக்கியில் ஒரு செல்லை உறிஞ்சி, கிருமி நீக்கிய கடல்நீர்ச் சொட்டில் விட்டு, அங்கிருந்து அடுத்த சொட்டு, அதற்கடுத்த சொட்டு எனக் கழுவுங்கள். கடைசிச் சொட்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்று கண்ணால் உறுதி செய்த பிறகு 24 குழித் தட்டில், ஒரு குழிக்கு 1 மி.லி. எஃப்/2 என்னும் பாசி வளர்ப்பு ஊடகத்தில் விடுங்கள். ஒரு செல் பிடித்து வளர்ந்த பின், அதை உப்பு ஆயிரத்துக்கு 10, 20, 35 என மூன்று குடுவையாக்கி ஒரே வெளிச்சத்தில் மூன்று நான்கு வாரம் வையுங்கள். உப்பு குறைந்த இடத்தில் முட்டை உருவம் கூடும். குளிரிலும் அகார் தட்டிலும் அப்படித்தான். ஒரு செல்லின் வாரிசு மூன்று உருவமும் காட்டினால் பெயர் ஒன்று. ஃபியோடாக்டைலம் 20 டிகிரியை ஒட்டித்தான் நன்றாக வளரும். பாளையங்கோட்டைச் சித்திரை வெயிலில் ஏசி நின்றுபோன அறையில் சாகும். செத்த குடுவையின் உருவத்தை வைத்து முடிவு எழுதக் கூடாது.

மற்ற டயட்டங்களில் ஓடு வளைந்து, ஒரு பக்கம் மட்டும் வீங்கியிருந்தால் சிலிக்கேட்டைப் பாருங்கள். எஃப்/2இல் லிட்டருக்கு 30 மி.கி. சோடியம் மெட்டாசிலிக்கேட் போக வேண்டும். கான்வே என்னும் இன்னொரு ஊடகத்தில் சிலிக்கேட்டைத் தனியாகச் சேர்க்க வேண்டும் என்பது மறந்துபோகும் விஷயம். புதிய ஊடகத்துக்கு மாற்றிச் சில தலைமுறை கடந்தும் கோணல் நீங்காவிட்டால் பிறகு யோசிக்கலாம்.

அறிகுறி: மழைக்குப் பின் புன்னைக்காயல் மாதிரியில் புதுப்புது உருவங்கள், உப்பளத்து மாதிரியில் பச்சையும் ஆரஞ்சும்

ஐப்பசி, கார்த்திகையில் தாமிரபரணி பெருகி வரும்போது கழிமுகத்தில் உப்பு சட்டென்று இறங்கும். ஆற்று டயட்டமும் நன்னீர்ப் பச்சைப் பாசியும் கடலுக்குள் வந்துவிடும். அவை அங்கே வாழவில்லை, அடித்துக்கொண்டு வரப்பட்டவை. உள்ளே பசுங்கணிகம் இருக்கிறதா, வெறும் ஓடா என்று பார்த்து இரண்டையும் தனித்தனி நெடுவரிசையில் எண்ணுங்கள். கடல் செல்கள் நீரை உறிஞ்சி வீங்கும், சங்கிலிகள் அறுந்து குட்டையாகும். மாதிரி எடுத்த இடத்திலேயே ரிஃப்ராக்டோமீட்டரில் உப்பைப் பார்த்துச் சீசாவில் எழுதாவிட்டால் இந்த அறிகுறியைத் தீர்க்கவே முடியாது.

தூத்துக்குடி, ஆறுமுகநேரி உப்புப் பாத்திகளில் நிலைமை தலைகீழ். அங்கே டுனாலியெல்லா சலைனா. சுவரில்லாத செல் என்பதால் உப்பு ஏறினால் சுருங்கும், இறங்கினால் வீங்கும். பேரிக்காய், முட்டை, உருண்டை எல்லாம் அதுவே. கடும் வெயில், கூடிய உப்பு, குறைந்த நைட்ரேட் சேர்ந்தால் பீட்டா கரோட்டின் தேங்கி ஆரஞ்சாகும்; ஆய்வகத்தில் உரம் போட்டு வளர்த்தால் பச்சைக்குத் திரும்பும். பச்சையாகவே இருக்கும் டுனாலியெல்லா விரிடிஸும் அதே பாத்தியில் கிடக்கும். பிரிக்க வேண்டுமானால் பச்சைச் செல்லை நைட்ரேட் இல்லாத உப்புநீரில் நல்ல வெளிச்சத்தில் ஒன்றிரண்டு வாரம் வையுங்கள். ஆரஞ்சு ஏறினால் சலைனா. பாத்தி இளஞ்சிவப்பாக இருப்பதற்கு முழுக் காரணமும் பாசி அல்ல. உப்பு விரும்பும் ஆர்க்கியா என்னும், பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்களும் சேர்ந்தே நிறம் தரும். 100 மடங்கில் ஒரு மைக்ரான் அகலக் குச்சியாகத் தெரிவது அவைதான், அவற்றைப் பாசிக் கணக்கில் எழுதாதீர்கள்.

சாதாரண ரிஃப்ராக்டோமீட்டர் ஆயிரத்துக்கு 100 வரைதான் காட்டும். பாத்தி நீருக்கு, நீரின் அடர்த்தியைக் காட்டும் போமே மானியே சரி. கடல்நீர் 3 டிகிரியை ஒட்டி, உப்பு விளையத் தொடங்குவது 25 டிகிரியை ஒட்டி. அந்த நீரை ஸ்லைடில் குழாய்த் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்தால் நீங்கள் பார்க்கும் உருவம் நீங்கள் செய்த உருவம்.

அறிகுறி: கொம்புள்ள செல்லில் ஒரு கொம்பு குட்டை

ட்ரைபோஸ் (பழைய நூல்களில் செராட்டியம்) என்னும் கவசமுள்ள டைனோஃபிளாஜெல்லேட் சாய்வாகப் பிரியும். மகள் செல் பாதிக் கவசத்தை எடுத்துக்கொண்டு மீதியைப் புதிதாக வளர்க்கும். பிரிதல் பெரும்பாலும் இரவிலும் விடியலிலும். காலை மாதிரியில் அரைகுறைக் கொம்பு நிறையவே இருக்கும். புதுப் பக்கத்துக் கவசம் மெல்லியதாக, மேடுபள்ளம் குறைவாகத் தெரியும். இரு பக்கமும் தடித்த கவசம் உள்ள செல்லை மட்டும் அளந்தால் போதும்.

அறிகுறி: "கடல் குளோரெல்லா" என்று குஞ்சுப் பொரிப்பகத்தில் வாங்கியது குளோரெல்லா மாதிரி இல்லை

நானோக்ளோராப்சிஸ் என்னும் வேறு நுண்பாசியாக இருக்கும். 2 முதல் 4 மைக்ரான் பச்சை உருண்டையில் உருவத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, முயற்சியே வேண்டாம். லூகால் விடுங்கள், கறுக்கவில்லையென்றால் குளோரெல்லா அல்ல. உறுதிக்கு, வடிகட்டியில் பிடித்த பாசியை 90 சதவீத அசிட்டோனில் இருட்டில் ஒரு இரவு குளிரில் ஊறவைத்து நிறமாலைமானியில் ஓட்டுங்கள். பச்சையம் ஏ 664 நானோமீட்டரை ஒட்டி உச்சம் காட்டும். குளோரெல்லாவில் பச்சையம் பி இருப்பதால் 647ஐ ஒட்டித் தோள் எழும்; நானோக்ளோராப்சிஸில் அது இராது.

அறிகுறி: சங்கிலி டயட்டம், எந்த நூலைப் பார்த்தாலும் எல்லாப் பெயரும் பொருந்துகிறது

ஸ்கெலெட்டோனீமாவாக இருந்தால் ஒளி நுண்ணோக்கியோடு மல்லுக்கட்ட வேண்டாம். காஸ்டேட்டம் என்று ஒரே பெயரில் எழுதிக்கொண்டிருந்ததை 2005இல் பிரித்து மரினோய், டோர்னி, ஜப்போனிக்கம், கிரெத்தே என்று தனிச் சிற்றினங்கள் விவரிக்கப்பட்டன. வித்தியாசம் செல்களை இணைக்கும் நுண்குழல்களின் அமைப்பில். எலக்ட்ரான் நுண்ணோக்கி இல்லாமல் தீராது. பழைய பதிவேட்டில் காஸ்டேட்டம் என்று இருந்தால் அதை அந்தப் பரந்த பொருளில்தான் படிக்க வேண்டும். நீங்கள் எழுதும்போது பேரினத்தோடு நிறுத்துங்கள், அது குறைவான வேலை அல்ல. சூடோ-நிட்ஷியா என்னும் சங்கிலி டயட்டமும் அப்படியே: அகலம் 3 மைக்ரானுக்கு மேல் என்றால் சீரியேட்டா குழு, கீழே என்றால் டெலிகாடிசிமா குழு, அதுவரைதான் ஒளி நுண்ணோக்கி பேசும். இதில் சில சிற்றினங்கள் டோமோயிக் அமிலம் என்னும் நஞ்சை உண்டாக்குபவை. குத்துமதிப்பாக ஒரு பெயரை எழுதிவிட்டுப் போக முடியாது.

அறிகுறி: நுண்ணோக்கி ஒரு பெயர் சொல்கிறது, டி.என்.ஏ. வேறு பெயர் சொல்கிறது

முதலில் மாதிரி. ஃபார்மலினில் கிடந்ததை அனுப்பியிருந்தால் அந்த முடிவை நம்பாதீர்கள், டி.என்.ஏ.வுக்குத் தனியாக எத்தனாலில் வைக்க வேண்டும். டி.என்.ஏ. வரிசை வரைபடத்தில் ஒரே இடத்தில் இரண்டு உச்சம் தெரிந்தால் வளர்ப்பில் இரண்டு பாசி கலந்திருக்கிறது. ஒற்றைச் செல்லிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

அடுத்து எந்த மரபணு. 18 எஸ் பேரினம் வரை நன்றாகச் சொல்லும். நெருங்கிய சிற்றினங்களை அது பல நேரம் பிரிக்காது. டயட்டத்துக்கு ஆர்.பி.சி.எல்., ஸ்கெலெட்டோனீமாவுக்கு 28 எஸ்ஸின் டி1–டி3 பகுதி பொருத்தம்.

அடுத்து, கிடைத்த வரிசையை ஒப்பிட்டுப் பார்க்கும் தரவுத்தளம். முதல் வரியில் வந்த பெயரை அப்படியே எடுத்து எழுதாதீர்கள். முதல் இருபது பொருத்தங்களும் ஒரே பெயரா, அவற்றில் அங்கீகரிக்கப்பட்ட வளர்ப்புச் சேகரிப்பிலிருந்து வந்தது எது என்று பாருங்கள். யாரோ தவறாகப் பெயரிட்டு ஏற்றியதும் அங்கே இருக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு சண்டை வெறும் பெயர் மாற்றமாக இருக்கவும் கூடும். பொரிப்பகங்களில் டி-ஐசோ என்று வளர்க்கும் வகையை ஐசோகிரைசிஸ் கல்பானா என்றே எழுதி வந்தார்கள். 2013இல் அது டிசோகிரைசிஸ் லூட்டியா ஆனது. நானோக்ளோராப்சிஸ் சலைனாவும் கடிட்டானாவும் 2015இல் மைக்ரோக்ளோராப்சிஸ் பேரினத்துக்குப் போயின. சீசாவின் லேபிளில் பழைய பெயர், வரிசை முடிவில் புதிய பெயர், உள்ளே இருப்பது ஒரே பாசி. பாசிப் பெயர்களுக்கான இணையத் தளமான ஆல்கிபேஸில் இரண்டு பெயரையும் தேடி, ஒன்று மற்றதன் இணைப்பெயர் என்று வந்தால் பதிவேட்டில் புதிய பெயரை எழுதி, அடைப்புக்குறிக்குள் பழைய பெயரையும் எந்த ஆண்டு வரை அப்படி எழுதினீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள்.